இடுப்பு முதுகெலும்பை எதைக் கொண்டு அளப்பது? இம்ப்ளான்ட் வடிவமைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

முதுகுத்தண்டில் பொருத்தும் இம்ப்ளான்ட் ஒன்றை வடிவமைக்க உட்காரும் எந்தக் குழுவும் சீக்கிரமே ஒரு கேள்வியில் வந்து நிற்கும். எலும்பின் அளவுகளை எங்கிருந்து எடுப்பது? பழைய ஆய்வுக் கட்டுரைகளில் அட்டவணைகள் கிடைக்கின்றன. உடற்கூறியல் துறையில் உலர்ந்த எலும்புகள் இருக்கின்றன. மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ., எக்ஸ்-ரே படங்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாமே அதே எலும்பைத்தான் காட்டுகின்றன. ஆனாலும் ஒரே முள்ளெலும்பை நான்கு வழியில் அளந்தால் நான்கு எண்கள் வரும். அந்த வித்தியாசம் சில இடங்களில் பொருட்டே இல்லை. சில இடங்களில் ஸ்குரூ எலும்புக்குள் நிற்குமா, நரம்பின் பக்கம் எட்டிப் பார்க்குமா என்பதையே அது முடிவு செய்துவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வேலைக்கு மெல்லிய ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) உள்ள சி.டி.தான் அடித்தளம். கோணங்களுக்கு நின்றபடி எடுத்த எக்ஸ்-ரே வேண்டும். உலர்ந்த எலும்பை சி.டி. அளவு சரிதானா என்று சோதிக்க வைத்துக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ.யை மென்திசுவுக்காக மட்டும் திறக்க வேண்டும். இதற்கான காரணங்களும், இந்த வரிசை எங்கெங்கே மாறும் என்பதும்தான் இனி வருவது.

முதலில், எந்த அளவு வேண்டும்?

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்த அளவு தேவை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெடிக்கிள் ஸ்குரூவுக்கு வேண்டிய அளவுகள் வேறு, கேஜுக்கு வேண்டியவை வேறு, முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்குக்கு மாற்றாக வைக்கும் செயற்கை டிஸ்குக்கு வேண்டியவை வேறு.

முள்ளெலும்பின் உடலையும் அதன் பின்பக்க வளையத்தையும் இணைக்கும் குட்டையான எலும்புத் தூண்தான் பெடிக்கிள். ஸ்குரூ போகும் பாதை அதுதான். அதன் உள்சுவரை ஒட்டித் தண்டுவடக் கால்வாய் இருக்கிறது. கீழ்விளிம்பை ஒட்டி நரம்பு வேர் வெளியேறுகிறது. இடுப்பு முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை எண்ணுகிறார்கள். எல்1-இல் பெடிக்கிளின் அகலம் சராசரியாக 8 மி.மீ. வாக்கில் இருக்கும், கீழே போகப் போக அகன்று, எல்5-இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். உயரம் அவ்வளவாக மாறாது, 14, 15 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே மேல் இடுப்பில் ஸ்குரூவின் விட்டத்தைக் கட்டுப்படுத்துவது அகலம்தான். பெடிக்கிள் உள்நோக்கிச் சாயும் கோணமும் எல்1-இல் 10 பாகை அளவில் தொடங்கி எல்5-இல் 25, 30 பாகை வரை போகும்.

ஸ்குரூ பெடிக்கிள் சுவரைத் தாண்டியதை அறுவை சிகிச்சை நிபுணர்கள் வழக்கமாக 2 மி.மீ. படிகளில் தரம் பிரிக்கிறார்கள். 2 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் ஏற்கத்தக்கது. அதற்கு மேல் போனால் கவலை. அப்படியானால் அளவெடுப்பில் வரும் 1 மி.மீ. பிழையே அந்தப் படியில் பாதியைத் தின்றுவிடும். சர்ஜனின் கை, வழிகாட்டிக் கருவி, எலும்பின் வளைவு எல்லாவற்றுக்கும் மிச்சமாக இருப்பது இன்னொரு 1 மி.மீ.தான். அளவெடுப்புப் பிழைக்கு அரை மி.மீ.க்கு மேல் இடம் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கேஜ் என்பது டிஸ்கை எடுத்துவிட்டு இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் வைக்கும் பெட்டி போன்ற இம்ப்ளான்ட். அதற்கு எண்ட்பிளேட்டின் (டிஸ்கைத் தொடும் முள்ளெலும்புப் பரப்பு) அகலம், முன்பின் ஆழம், டிஸ்க் உயரம், இரு எண்ட்பிளேட்டுகளுக்கும் இடையிலுள்ள கோணம் ஆகியவை வேண்டும். பலர் விட்டுவிடும் ஐந்தாவது அளவு ஒன்று உண்டு: எண்ட்பிளேட் எவ்வளவு குழிந்திருக்கிறது, அந்தக் குழியின் ஆழமான புள்ளி எங்கே இருக்கிறது என்பது. டிஸ்கின் மேலே இருக்கும் எண்ட்பிளேட், அதாவது மேல் முள்ளெலும்பின் அடிப்பரப்பு, நன்றாகக் குழிந்திருக்கும். ஆழமான புள்ளி நடுவைவிடச் சற்றுப் பின்னால் விழும். டிஸ்கின் கீழே இருக்கும் பரப்பு அதைவிடத் தட்டையானது.

இதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். முன்பின் ஆழம் 34 மி.மீ., குழி 3 மி.மீ. என்றால் அந்த வளைவு ஏறத்தாழ 50 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. அதன் கீழ் 22 மி.மீ. நீளமுள்ள தட்டையான கேஜை வைத்தால் நடுவில் 1.2 மி.மீ. இடைவெளி நிற்கும். சுமை முழுவதும் கேஜின் இரண்டு விளிம்புகளில் இறங்கும். எண்ட்பிளேட்டின் சுற்று ஓரம், அதிலும் பின்பக்க மூலைகள், வலுவானவை; நடுப்பகுதி பலவீனமானது. ஆகவே கேஜின் விளிம்பு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அது நிலைத்து நிற்கும் அல்லது எலும்புக்குள் புதையும். இந்த ஒரு மில்லிமீட்டர் குழியை உங்கள் கருவி பார்க்காவிட்டால் கேஜின் மேற்பரப்பை வளைக்க வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியே உங்கள் மேசைக்கு வராது.

செயற்கை டிஸ்குக்கு இவற்றோடு சுழற்சி மையமும் சேரும். கிழக்கு பெர்லினில் 1980களில் காரின் பியூட்னர்-யான்ஸும் கர்ட் ஷெல்நாக்கும் உருவாக்கிய சாரிட்டே டிஸ்க்தான் இவற்றில் பெயர் பெற்ற முன்னோடி. அமெரிக்காவில் அதற்கு 2004-இல் அனுமதி கிடைத்தது. அசையும் இம்ப்ளான்ட் என்பதால் எண்ட்பிளேட்டின் பரப்பில் எவ்வளவு பங்கை உலோகத் தகடு மூடுகிறது என்பது இங்கே கேஜைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

அச்சில் உள்ள அட்டவணைகள்

செலவே இல்லாத வழி இது. 1987-இல் பெரியும் குழுவினரும் 30 எலும்புக்கூடுகளின் மார்பு, இடுப்பு முள்ளெலும்புகளை அளந்து வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஸிண்ட்ரிக் குழு பெடிக்கிள்களுக்கு மட்டுமே 2,905 அளவுகள் எடுத்தது. 1992-இல் பஞ்சாபி குழு 60 இடுப்பு முள்ளெலும்புகளின் முப்பரிமாண அளவுகளைத் தந்தது. இன்றும் வடிவமைப்பு ஆவணங்களில் இந்தப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனாலும் இந்த அட்டவணைகளைக் கொண்டு தொடங்கலாம், முடிக்க முடியாது. முதல் காரணம், அவை பெரும்பாலும் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் மட்டும் தருகின்றன. ஒரே எலும்பில் அகலமும் ஆழமும் உயரமும் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பது அதில் இருக்காது. அகலமான எண்ட்பிளேட் உள்ளவருக்கு டிஸ்க் உயரமும் கூடுதலாகத்தான் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொண்டு அளவு வரிசை போட்டால், வயதாகி டிஸ்க் சுருங்கிய பெரிய எலும்புக்காரர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். இரண்டாவது, யாரை அளந்தார்கள் என்பது. மக்கள்தொகைக்கு மக்கள்தொகை பெடிக்கிள் அகலம் மாறுகிறது. ஆண், பெண் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. யாருக்காக இம்ப்ளான்ட் செய்கிறோமோ அவர்களை அளக்காத அட்டவணை ஒரு மதிப்பீடு மட்டுமே. மூன்றாவது, ஒவ்வொரு குழுவும் அளவை எடுத்த இடம் வேறு. பெடிக்கிள் அகலத்தை ஒருவர் மிக ஒடுங்கிய இடத்தில் எடுத்திருப்பார், இன்னொருவர் ஏதோ ஒரு கிடைமட்ட வெட்டில் எடுத்திருப்பார். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுச் சராசரி எடுப்பது தப்பு.

உலர்ந்த எலும்பும் காலிப்பரும்

நேரடியாகத் தொட்டு அளப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இரண்டு தாடைகளால் பிடித்து அளக்கும் மின்னணு காலிப்பர் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை காட்டும். ஸ்லைஸ் தடிமன், திரை வெளிச்சம் போன்ற எதுவும் இடையில் வராது. ஒளி வீசி வருடும் முப்பரிமாண ஸ்கேனர் இருந்தால் மேற்பரப்பு முழுவதையும் அரை மி.மீ.க்கும் நுட்பமாகப் பதிவு செய்துவிடலாம். எண்ட்பிளேட்டின் குழிவை அளக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்பேன்.

ஆனால் காலிப்பர் காட்டும் நுட்பம் வேறு, அளவின் நம்பகம் வேறு. பெடிக்கிளின் வடிவம் குதிரைச் சேணம் மாதிரி. சுற்றிலும் புடைத்திருக்கும், நீளவாக்கில் நடுவில் ஒடுங்கியிருக்கும். சாதாரண காலிப்பரின் தட்டையான தாடை அந்த ஒடுக்கத்துக்குள் இறங்காது. இரண்டு பக்க மேடுகளிலும் தட்டி நின்று, உண்மையைவிடப் பெரிய எண்ணைக் காட்டும். கத்திமுனை போல மெலிந்த தாடை உள்ள காலிப்பர் வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே, முந்தைய எண்ணைப் பார்க்காமல் அளக்க வேண்டும். எண்ட்பிளேட்டின் ஓரத்தில் வயதால் வளர்ந்த எலும்பு முளைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து அளப்பதா, விட்டுவிடுவதா என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். கேஜுக்கு முளை பயன்படாது; அது சுமை தாங்கும் எலும்பு அல்ல. ஆனால் காலிப்பருக்கு அது தெரியாது.

பெரிய குறை இன்னொன்று. உலர்ந்த எலும்பில் டிஸ்க் இல்லை, குருத்தெலும்பு இல்லை, தசைநார் இல்லை. டிஸ்க் உயரத்தையோ கோணத்தையோ அதிலிருந்து எடுக்கவே முடியாது. கல்லூரித் தொகுப்புகளில் பல எலும்புகளுக்கு வயதும் பாலினமும் தெரியாது. பெடிக்கிளின் வெளிவிட்டம் கிடைக்கும். உள்ளே கெட்டியான புறச்சுவர் எவ்வளவு, பஞ்சு எலும்பு எவ்வளவு என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். உள்சுவர் வெளிச்சுவரைவிடத் தடித்திருக்கும் என்பது ஸ்குரூ வடிவமைப்புக்கு மிகவும் வேண்டிய தகவல். அது வெளியிலிருந்து கிடைக்காது.

தானமாக வந்த உடல்களை அளப்பது டிஸ்கையும் தசைநாரையும் மீட்டுத் தருகிறது, நெகிழ்வையும் சோதிக்கலாம். ஆனால் கிடைப்பவை பெரும்பாலும் முதிய வயது உடல்கள், எண்ணிக்கையும் குறைவு. ஸ்குரூ பிடிமானம், கேஜ் புதைதல் போன்ற சோதனைகளுக்கு அவற்றை ஒதுக்கி வைப்பதே அந்தக் கொடைக்கு மரியாதை என்று நினைக்கிறேன்.

சி.டி. ஸ்கேன்

எலும்பின் எல்லை தெளிவாகத் தெரியும், உள்ளும் புறமும் ஒன்றாகக் கிடைக்கும், வயதும் பாலினமும் பதிவில் இருக்கும், நூற்றுக்கணக்கானவர்களை அளக்கலாம். வேறெந்த வழியிலும் இவை அனைத்தும் ஒன்றாகச் சேர்வதில்லை. சி.டி.யை அடித்தளமாக எடுப்பதற்கு இதுவே போதும்.

அளப்பதற்காகவே ஆரோக்கியமானவர்களை சி.டி.யில் படுக்க வைப்பது சரியில்லை. இடுப்பு முதுகெலும்பு சி.டி. ஒன்றின் கதிர்வீச்சு பல மில்லிசீவர்ட். இயற்கையாக உலகில் ஒருவர் ஆண்டு முழுவதும் பெறுவது சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்தான். ஆகவே வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்த ஸ்கேன்களை, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, பெயர் நீக்கிப் பயன்படுத்துவதே வழி. அங்கேதான் முதல் சிக்கல். வயிற்றுக்காக எடுத்த சி.டி.யில் முதுகெலும்பு முழுவதும் தெரியும், ஆனால் படப்பரப்பு 400 மி.மீ. இருக்கும். 512 புள்ளிகளில் அதைப் பிரித்தால் ஒரு புள்ளி 0.78 மி.மீ. முதுகெலும்புக்காகவே 180 மி.மீ. பரப்பில் எடுத்ததில் அது 0.35 மி.மீ. அப்புறம், பல சேமிப்பகங்களில் 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸ்கள் மட்டும்தான் மிச்சமிருக்கும், மெல்லியவற்றை அழித்திருப்பார்கள். 3 மி.மீ. ஸ்லைஸில் 2 மி.மீ. எண்ட்பிளேட் குழிவைத் தேடுவது வீண் வேலை. 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான ஸ்லைஸ் இல்லாத ஸ்கேனை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் சரி.

இரண்டாவது சிக்கல் வெட்டின் திசை. இது எல்5-இல் முகத்தில் அறைகிற மாதிரி தெரியும். எல்5 பெடிக்கிளின் குறுக்குவெட்டு நிமிர்ந்த நீள்வட்டம் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்த நீள்வட்டம். குறுகிய அச்சு 10 மி.மீ., நீண்ட அச்சு 15 மி.மீ., சாய்வு 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்ட சி.டி. வெட்டில் நடுவாக அகலத்தை அளந்தால் 11.8 மி.மீ. வரும். ஸ்குரூவுக்குக் கிடைக்கும் உண்மையான இடம் 10 மி.மீ. கிட்டத்தட்ட 2 மி.மீ. கற்பனை எலும்பு. எல்5 அகலமானது, எந்த ஸ்குரூவும் போகும் என்ற நம்பிக்கையில் பாதி இந்தக் கிடைமட்ட வெட்டிலிருந்து வந்தது. பெடிக்கிளின் சொந்த அச்சுக்குச் செங்குத்தாகப் படத்தைத் திருப்பி வெட்டி, மிகக் குறுகிய விட்டத்தை எடுக்க வேண்டும். இன்றைய மென்பொருள்களில் இது சில நிமிட வேலை. இதைச் செய்யாத ஆய்வின் எல்5 எண்களை நான் ஸ்குரூ விட்டத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

மூன்றாவது சிக்கல் எல்லை. சி.டி. படத்தில் எலும்பு எங்கே முடிகிறது என்பதை நாம்தான் ஒரு அடர்த்தி எண்ணை வைத்து முடிவு செய்கிறோம். அந்த எண்ணைக் கூட்டினால் எலும்பு மெலியும், குறைத்தால் தடிக்கும். 1 மி.மீ.க்கும் மெல்லிய சுவர் படத்தில் மங்கிப் பரவி, உண்மையைவிடத் தடிமனாகவும் அடர்த்தி குறைவாகவும் தெரியும். கூர்மைப்படுத்தும் எலும்பு வடிகட்டியில் எடுத்த படமும் மென்மையான வடிகட்டியில் எடுத்த படமும் ஒரே எலும்புக்கு வேறு வேறு விளிம்பைத் தரும். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களில் இது இன்னும் மோசம்; அவர்கள்தான் நம் இம்ப்ளான்ட்டுக்கு மிகவும் சோதனையான நோயாளிகள்.

இதற்கு ஒரே மருந்து, உலர்ந்த எலும்புகள் சிலவற்றைத் தண்ணீரில் அமிழ்த்தி, அதே ஸ்கேனர் அமைப்பில் எடுத்து, காலிப்பர் எண்ணோடு ஒப்பிடுவது. பத்துப் பன்னிரண்டு எலும்புகள் போதும். வித்தியாசம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் மீதி நூற்றுக்கணக்கான ஸ்கேன்களை நம்பிக்கையோடு அளக்கலாம். தண்ணீர் ஏன் என்றால், காற்றில் வைத்து எடுத்தால் எலும்புக்கும் சுற்றுக்கும் அடர்த்தி வித்தியாசம் உடலில் இருப்பதைவிட மிகப் பெரிதாகி, விளிம்பு வேறு இடத்தில் விழும்.

நான்காவது, சி.டி.யில் எல்லோரும் படுத்திருக்கிறார்கள். எலும்பின் அளவுக்கு இதனால் ஒன்றுமில்லை. கோணத்துக்கு நிறையவே உண்டு.

எம்.ஆர்.ஐ.

கதிர்வீச்சு இல்லை, டிஸ்கும் நரம்பும் குருத்தெலும்பும் தெரியும், முதுகுவலி நோயாளிகள் பலரிடம் ஒரு எம்.ஆர்.ஐ. இருக்கிறது. கேட்கும்போது இதையே முதல் தேர்வாக வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் கெட்டி எலும்பு எம்.ஆர்.ஐ.யில் கறுப்பு. அதை ஒட்டிய தசைநாரும் கறுப்பு. இரண்டுக்கும் இடையே கோடு போடுவது ஊகம்தான். வழக்கமான பரிசோதனையில் ஸ்லைஸ் 3, 4 மி.மீ., நடுவில் இடைவெளி வேறு.

இன்னொரு நுணுக்கம்: எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு, டிஸ்கில் நீர். கொழுப்பின் சைகையும் நீரின் சைகையும் சற்றே வேறு அதிர்வெண்ணில் வருவதால், கருவி கொழுப்பை ஒரு திசையில் கொஞ்சம் தள்ளி வரைகிறது. அந்தத் திசை முதுகின் நீளவாக்கில் அமைந்திருந்தால், ஒரே முள்ளெலும்பின் ஒரு எண்ட்பிளேட் தடித்தும் மற்றது மெலிந்தும் தெரியும். எலும்பில் அப்படி எந்த வித்தியாசமும் இருக்காது. எம்.ஆர்.ஐ.யிலிருந்து எண்ட்பிளேட் தடிமனைச் சொல்லும் எண்ணைப் பார்த்தால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

டிஸ்க் உயரத்துக்கு எம்.ஆர்.ஐ. நல்லது. அதிலும் நேரம் முக்கியம்: ஒரு நாளில் காலை முதல் மாலைக்குள் மனிதரின் உயரம் ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது, பெரும்பங்கு டிஸ்குகளிலிருந்து நீர் வெளியேறுவதால். காலையில் எடுத்தவரையும் மாலையில் எடுத்தவரையும் கலந்தால் அந்த ஏற்ற இறக்கம் மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசம் என்று கணக்கில் ஏறிவிடும். கேஜ் வைக்கும் பாதையில் நரம்பு வேரும் பெரிய ரத்தக் குழாய்களும் எங்கே நிற்கின்றன என்பதற்கும் எம்.ஆர்.ஐ. உதவும். எலும்பு அளவுக்கு வேண்டாம்.

எக்ஸ்-ரே, நின்றபடி

பழசு, தட்டை, உருப்பெருக்கம் உள்ளது. ஆனாலும் இதை விட முடியாது, ஏனென்றால் மனிதர் நிற்கும்போது முதுகு எப்படி வளைகிறது என்பதைக் காட்டுவது இதுதான். எல்1 முதல் எஸ்1 (எல்5-க்குக் கீழே உள்ள திரிக எலும்பின் மேற்பகுதி) வரையிலான வளைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எல்4-க்கும் எஸ்1-க்கும் இடையிலேயே இருக்கிறது. அந்த இரண்டு டிஸ்குகளுக்கான கேஜில் எவ்வளவு கோணம் கொடுப்பது என்பதைப் படுத்தபடி எடுத்த சி.டி.யிலிருந்து தீர்மானித்தால், நோயாளி எழுந்து நிற்கும்போது முதுகு தட்டையாகிவிடும் அபாயம் உண்டு. தட்டையான முதுகோடு வாழ்வது வலியோடு வாழ்வது. இடுப்பெலும்புக்கே உரிய, நிற்பதாலும் படுப்பதாலும் மாறாத பெல்விக் இன்சிடென்ஸ் கோணத்தை மட்டும் சி.டி.யிலும் எடுக்கலாம், தொடை எலும்பின் தலைகள் படத்துக்குள் வந்திருக்க வேண்டும், முதுகெலும்பு சி.டி.யில் அவை பெரும்பாலும் வராது.

நீள அளவுகளை எக்ஸ்-ரேயிலிருந்து எடுப்பதில் எச்சரிக்கை தேவை. எக்ஸ்-ரே குழாய் 100 செ.மீ. தள்ளி, முதுகெலும்பு படத்தட்டிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருந்தால் எலும்பு 33 சதவீதம் பெரிதாகத் தெரியும். குழாயை 180 செ.மீ.க்குத் தள்ளினால் அது 16 சதவீதம். உடல் பருமனாக இருப்பவருக்கு 25 செ.மீ. 30 ஆகும், உருப்பெருக்கமும் மாறும். இயற்பியலாளர் ஜார்ஜஸ் ஷர்பாக்கின் துகள் உணரியிலிருந்து வளர்ந்த ஈஓஎஸ் போன்ற இருதிசை ஸ்கேனர்கள் இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்க்கின்றன: நின்றபடி, குறைந்த கதிர்வீச்சில், முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள். கிடைத்தால் கோணங்களுக்கு அதுவே என் முதல் தேர்வு. பெடிக்கிளின் நுட்பத்துக்கு அதுவும் பத்தாது.

எத்தனை பேர், எந்த எண்?

கருவியைத் தேர்ந்தெடுத்த பின்னும் ஒரு முடிவு பாக்கி. சராசரிக்கு 30 பேர் போதும் என்று சொல்வார்கள். நமக்கு வேண்டியது சராசரி இல்லையே. ஸ்குரூவுக்கு வேண்டியது மிகச் சிறிய பெடிக்கிள்கள். உதாரணத்துக்கு எல்1 அகலம் சராசரி 8, திட்ட விலக்கம் 1.5 மி.மீ. என்றால், நூற்றில் ஐந்து பேருக்கு அது 5.5 மி.மீ.க்கும் கீழே. 30 பேரை மட்டும் அளந்தால் அந்த எல்லையை முடிவு செய்வது ஒன்றிரண்டு எலும்புகள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக, ஒவ்வொரு பாலினத்திலும் நூற்றுக்குக் குறையாமல் எடுப்பதே உருப்படியான தொடக்கம். ஆறு இடுப்பு முள்ளெலும்பு உள்ளவர்களும் எல்5 இடுப்புக் கூட்டோடு ஒட்டிப்போனவர்களும் அரிதல்ல. அவர்களை மௌனமாகத் தள்ளிவிடாமல் தனி வரிசையில் வைக்க வேண்டும், ஏனென்றால் எல்4-ஐ எல்5 என்று எண்ணிவிட்டால் அட்டவணை முழுவதும் ஒரு படி வழுக்கும்.

சி.டி.யிலிருந்து எடுத்த முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துப் புள்ளியியல் வடிவ மாதிரி உருவாக்குவது இப்போது பரவலாகிவிட்டது. அளவுகள் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதை, அச்சட்டவணைகள் தராத அதே விஷயத்தை, இது தருகிறது. கேஜின் அளவு வரிசையை முடிவு செய்ய இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் உள்ளே போன ஸ்கேன்களில் இல்லாத வடிவத்தை மாதிரி கண்டுபிடிக்காது. சிறிய உடல்வாகு உள்ள பெண்கள் தொகுப்பில் குறைவாக இருந்தால் மாதிரியிலும் குறைவாகவே இருப்பார்கள்.

எதற்கு எது

பெடிக்கிள் ஸ்குரூ என்றால் மெல்லிய சி.டி., பெடிக்கிள் அச்சுக்குச் செங்குத்தாகத் திருப்பிய வெட்டு, காலிப்பரோடு சரிபார்ப்பு. இதில் சமரசம் இல்லை. கேஜின் மேற்பரப்புக்கு உலர்ந்த எலும்பின் ஒளி ஸ்கேனும் சி.டி.யும் சேர்ந்து வேண்டும். கேஜின் கோணத்துக்கு நின்றபடி எக்ஸ்-ரே. கேஜின் உயரத்துக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ., அதிலும் தேய்ந்த டிஸ்கோடு பக்கத்து ஆரோக்கியமான டிஸ்கையும் அளப்பது நல்லது, ஏனென்றால் மீட்க வேண்டிய உயரத்துக்கு அதுதான் வழிகாட்டி. பணமும் நேரமும் மிகக் குறைவு என்றால் அச்சட்டவணையில் தொடங்கி, இலக்கு நோயாளிகளின் சி.டி.க்களில் ஒரு சிறு தொகுப்பை மட்டும் அளந்து, அட்டவணை எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கலாம். விலகல் அரை மி.மீ.யைத் தாண்டினால் முழுத் தொகுப்பையும் அளப்பதைத் தவிர வழியில்லை.

இத்தனை கவனம் எங்கே பலன் தரும் என்பதற்கு மெல்லிய ஸ்குரூவே சாட்சி. ஸ்குரூவின் வளைவு வலிமை அதன் உள்விட்டத்தின், அதாவது மரையை விட்டுவிட்டு நடுத்தண்டின் விட்டத்தின், மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. உள்விட்டத்தை 4.5 மி.மீ.யிலிருந்து 3.5 மி.மீ. ஆக்கினால் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் வடிவமைப்பாளர்கள் மெல்லிய அளவைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். விற்பனைப் பிரிவும் குறைவாகப் போகும் அளவு என்று அதை வரிசையிலிருந்து எடுக்கச் சொல்லும். ஆனால் சரியாக அளந்த சி.டி. தொகுப்பில் எல்1, எல்2-க்குத் தடித்த ஸ்குரூ பொருந்தாதவர்கள் நூற்றில் இத்தனை பேர், அவர்களில் பெண்கள் இத்தனை பேர் என்று எண்ணோடு இருந்தால் பேச்சு மாறும். அந்த அளவை எடுப்பதா, வேண்டாமா என்பது போய், அதை எந்த உலோகக் கலவையில் செய்வது, மரையின் ஆழத்தை எவ்வளவு குறைத்து உள்விட்டத்தைக் காப்பது என்று வேலை தொடங்கும்.